வீட்டுக்குள் வந்த வௌவால்

திண்டுக்கல் பக்கம் கொய்யா பழுக்கும் காலத்தில் இரவில் வௌவால் வீட்டுக்குள் வந்துவிட்டால், நம் கை முதலில் தேடுவது துடைப்பத்தைத்தான். அடிக்கும் முன் அதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

1948-ல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கை ஆர்வலர் ஒரு வௌவாலைப் பிடித்தார். அப்போது மேகமலையும் திண்டுக்கல்லும் ஒரே மதுரை மாவட்டம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போன அந்த உடலை, நம் வீட்டு முகப்பில் தொங்கிப் பழம் தின்னும் சாதாரண குறுமூக்குப் பழவௌவால் என்று எழுதி வைத்துவிட்டார்கள். 24 ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1972-ல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதை ஆராய்ந்து, இது புதிய பேரினம் என்றார். பறவை அறிஞர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார்.

அதே 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமோ பழவௌவால்களை எலி, காகத்தோடு சேர்த்துத் தீங்குயிர் பட்டியலில் போட்டது. யாரும் கொல்லலாம்! சலீம் அலி வௌவாலுக்குப் பின்னாளில் விலக்குக் கிடைத்தது. மற்றவை 2022 திருத்தம் வரை காத்திருந்தன. அது 2023 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பட்டியலே ஒழிந்தது.

எனவே நண்பர்களே, மின்விசிறியை நிறுத்துங்கள். உள்கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள். தானே போய்விடும். வெறும் கையால் தொடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுக் கழுவி, உடனே மருத்துவரிடம் போங்கள்.

அறிஞர்களே 24 ஆண்டுகள் ஆளை மாற்றிப் பார்த்தார்கள். இருட்டில் துடைப்பம் ஓங்கும் நாம் எம்மாத்திரம்?