அமெரிக்க அதிபர்களின் முறைகேடுகளும் பொறுப்புக்கூறலும்

தேசத்துரோகம், லஞ்சம், பிற பெருங்குற்றங்கள் ஆகியவற்றுக்காக அதிபரைப் பதவியிலிருந்து நீக்க அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் வழி செய்திருக்கிறது. பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டும். செனட் விசாரித்து, மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் சேர்ந்தால் நீக்கும். ஆண்ட்ரூ ஜான்சன் (1868), பில் கிளின்டன் (1998), டொனால்ட் டிரம்ப் (2019, 2021) ஆகியோர் மீது மொத்தம் நான்கு முறை சபை குற்றம் சாட்டியது. நான்கு முறையும் செனட் விடுவித்தது. முறைகேட்டால் பதவியை இழந்த ஒரே அதிபரான ரிச்சர்ட் நிக்சனோ, முழுச் சபை வாக்களிக்கும் முன்பே விலகிவிட்டார். அதிபரை வீழ்த்துவதும் காப்பாற்றுவதும் பெரும்பாலும் அவருடைய சொந்தக் கட்சியின் கணக்குத்தான்.

முந்தைய நிகழ்வுகள்

ஜான்சன் மீதான வழக்கு ஊழல் வழக்கு அல்ல. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய அதிகாரப் போட்டி. செனட்டின் ஒப்புதல் இல்லாமல் போர்த்துறைச் செயலர் எட்வின் ஸ்டான்டனை நீக்கினார் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. 35-க்கு 19 என்று வாக்குகள் விழுந்தன. ஒரே ஒரு வாக்குக் குறைவால் அவர் தப்பினார். யுலிசிஸ் கிரான்ட் ஆட்சியில் சாராய வரி மோசடியில் அதிபரின் அந்தரங்கச் செயலரே விசாரணைக்கு ஆளானார். கிரான்ட் மீது நேரடிக் குற்றச்சாட்டு வரவில்லை.

டீபாட் டோம் விவகாரம் இன்னும் விரிவாகப் பார்க்க வேண்டியது. வயோமிங்கிலும் கலிஃபோர்னியாவிலும் கடற்படைக்கென ஒதுக்கப்பட்ட எண்ணெய் வயல்களை, வாரன் ஹார்டிங்கின் உள்துறைச் செயலர் ஆல்பர்ட் ஃபால், 1922-இல் போட்டி ஏலம் இல்லாமல் ஹாரி சின்கிளேர், எட்வர்ட் டொஹேனி ஆகியோரின் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டார். டொஹேனியின் மகன் 1,00,000 டாலரை ரொக்கமாகப் பையில் எடுத்துவந்து ஃபாலிடம் கொடுத்திருந்தார். ஹார்டிங் 1923 ஆகஸ்டில் இறந்துவிட்டார்; அடுத்து வந்த கால்வின் கூலிட்ஜ் இரு கட்சிகளிலிருந்தும் ஒவ்வொரு வழக்கறிஞரைச் சிறப்பு அரசு வழக்கறிஞர்களாக நியமித்தார். 1929-இல் ஃபால் தண்டிக்கப்பட்டார். பதவியில் செய்த குற்றத்துக்காகச் சிறை சென்ற முதல் அமெரிக்க அமைச்சர் அவர்தான். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பணத்தை லஞ்சமாக வாங்கியதற்கு ஃபால் சிறை சென்றார். அதே பணத்தை லஞ்சமாகக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட டொஹேனி விடுதலையானார். அதே காலத்து முறைகேடுகள் தொடர்பான மற்றொரு விசாரணையிலிருந்து எழுந்த வழக்கில், சாட்சிகளை வரவழைக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்று 1927-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் நிக்சனைத் துரத்திய விசாரணைக் குழுக்களுக்கு அந்தத் தீர்ப்பு அடித்தளம் போட்டது.

வாட்டர்கேட்

1972 ஜூன் 17 அன்று வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சித் தேசிய அலுவலகத்துக்குள் புகுந்த ஐவர் பிடிபட்டனர். அவ்வளவு அபாயமான வேலையில் இறங்க நிக்சன் தரப்புக்கு அரசியல் தேவை எதுவுமே இல்லை: அந்த நவம்பரில் நிக்சன் 50 மாநிலங்களில் 49-ஐ வென்றார். அவரைக் கவிழ்த்தது திருட்டு அல்ல, அதை மூடிமறைத்தது.

1973 ஜூலையில், அதிபர் அலுவலக உரையாடல்கள் தாமாகவே ஒலிநாடாவில் பதிவாகின்றன என்று அவருடைய முன்னாள் உதவியாளர் அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்ட் செனட் குழுவிடம் சொன்னார். நாடாக்களைக் கேட்டு நின்ற சிறப்பு அரசு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்கும்படி அக்டோபர் 20 அன்று நிக்சன் உத்தரவிட்டார். தலைமை அரசு வழக்கறிஞர் எலியட் ரிச்சர்ட்சன் மறுத்துப் பதவி விலகினார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸும் மறுத்து வெளியேறினார். மூன்றாவது இடத்தில் இருந்த ராபர்ட் போர்க் உத்தரவை நிறைவேற்றினார். இதற்குப் பத்து நாள் முன்புதான் துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ, இதற்குத் தொடர்பில்லாத வருமான வரி வழக்கில் பதவி விலகியிருந்தார்.

நாடாக்களை ஒப்படைக்க வேண்டும் என்று 1974 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் 8-0 எனத் தீர்ப்பளித்தது. அந்த எட்டு நீதிபதிகளில் மூவர் நிக்சனே நியமித்தவர்கள். தீர்ப்பை எழுதிய வாரன் பர்கரும் அவர்களில் ஒருவர். சில நாட்களில் சபையின் நீதித்துறைக் குழு மூன்று குற்றச்சாட்டுகளை ஏற்றது. முதல் குற்றச்சாட்டுக்கு ஆதரவான 27 வாக்குகளில் ஆறு குடியரசுக் கட்சியினருடையவை. எஃப்பிஐ விசாரணையைத் தடுக்க சிஐஏவைப் பயன்படுத்தச் சொன்ன உரையாடல் அடங்கிய நாடா ஆகஸ்ட் 5 அன்று வெளியானதும், மிச்சமிருந்த ஆதரவும் கரைந்தது. நீக்கத்தைத் தடுக்கச் செனட்டில் 34 வாக்குகள் தேவை. அவை கிடைக்காது என்பதை பேரி கோல்ட்வாட்டர் தலைமையில் அவருடைய கட்சித் தலைவர்களே நேரில் போய் உணர்த்தினார்கள். ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் விலகினார்.

ஒரு மாதம் கழித்து, அடுத்து அதிபரான ஜெரால்ட் ஃபோர்ட் அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார். வழக்குத் தொடர முடியாத ஒருவருக்கு மன்னிப்பு எதற்கு? முன்னாள் அதிபர் குற்றவியல் விசாரணைக்கு உட்பட்டவர் என்பதைக் கொடுத்தவரும் ஏற்றவரும் அன்று ஒப்புக்கொண்டதாகவே கொள்ளலாம். அரை நூற்றாண்டுக்குப் பின் இந்தப் புள்ளி மீண்டும் வழக்காடப்பட்டது.

தேர்தல் நிதிச் சட்டத் திருத்தம் (1974), அரசு ஒழுக்க நெறிச் சட்டம் (1978), அதிபர் ஆவணங்கள் சட்டம் (1978) ஆகியவை வாட்டர்கேட்டின் விளைவுகள். ஒழுக்க நெறிச் சட்டத்தின் வழியாக, எளிதில் நீக்க முடியாத தனிச் சுதந்திர விசாரணையாளர் என்ற பதவி உருவானது.

ஈரான்-கான்ட்ரா முதல் கிளின்டன் வரை

ரொனால்ட் ரீகன் அரசு ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தின் ஒரு பகுதியை நிகரகுவாவின் கான்ட்ரா கிளர்ச்சியாளர்களுக்கு அனுப்பியது 1986 நவம்பரில் அம்பலமானது. கான்ட்ராக்களுக்கு உதவி செய்வதை நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. அளவுகோல் குற்றத்தின் கனம் மட்டும் என்றால் இது வாட்டர்கேட்டுக்குச் சளைத்ததல்ல. ஆனால் ரீகன் மீது பதவிநீக்க நடவடிக்கை நகரவே இல்லை. இந்த விவகாரத்தில் சிக்கிய அதிகாரிகளான ஆலிவர் நார்த், ஜான் பாயின்டெக்ஸ்டர் ஆகியோரின் தண்டனைகள் மேல்முறையீட்டில் ரத்தாயின. முன்னாள் பாதுகாப்புச் செயலர் காஸ்பர் வைன்பெர்கர் உட்பட ஆறு பேருக்கு 1992 டிசம்பர் 24 அன்று ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் மன்னிப்பு வழங்கினார். ரீகனின் துணை அதிபராக இருந்தவர் அவர்.

கிளின்டன் விஷயம் தலைகீழ். நிலப் பேரம் ஒன்றில் தொடங்கிய விசாரணை, சுதந்திர விசாரணையாளர் கென்னத் ஸ்டாரின் கையில், அதிபரின் பாலியல் உறவு குறித்த பொய்ச் சாட்சியத்தில் போய் முடிந்தது. 1999 பிப்ரவரியில் பொய்ச் சாட்சியக் குற்றச்சாட்டுக்கு 45 செனட்டர்களும், நீதியைத் தடுத்த குற்றச்சாட்டுக்கு 50 பேரும் ஆதரவு தந்தனர், தேவை 67. ஜனநாயகக் கட்சிச் செனட்டர் ஒருவர்கூட அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. ரீகன் ஆட்சி மீதான விசாரணையால் சலித்த குடியரசுக் கட்சியும், ஸ்டாரால் சலித்த ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து, சுதந்திர விசாரணையாளர் சட்டத்தை அதே ஆண்டு காலாவதியாக விட்டன. அதன்பின் வந்த சிறப்பு வழக்கறிஞர்கள் அரசின் நீதித்துறை அமைச்சகத்துக்கு உள்ளேயே, அதன் தலைவருக்குக் கீழே இயங்குகிறார்கள். வாட்டர்கேட்டின் மிக முக்கியமான சீர்திருத்தம் இருபத்தோராண்டுகளே வாழ்ந்தது.

டிரம்ப் காலம்

உக்ரைனுக்கான ராணுவ உதவியை நிறுத்திவைத்து, ஜோ பைடனை விசாரிக்கும்படி அந்நாட்டு அதிபரை நெருக்கினார் என்பது 2019-இன் குற்றச்சாட்டு. சொந்தக் கட்சி அதிபரை நீக்க வாக்களித்த முதல் செனட்டர் என்று மிட் ராம்னி பெயர் பெற்றார். அவருக்குத் துணையாக இன்னொருவர் இல்லை. 2021 ஜனவரி 6 நாடாளுமன்றத் தாக்குதலைத் தூண்டியதாக எழுந்த இரண்டாவது வழக்கில் ஏழு குடியரசுக் கட்சியினர் சேர்ந்து, 57-43 வரை வந்தது. பத்து வாக்குகள் போதவில்லை. விடுவிக்க வாக்களித்த குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் மிட்ச் மெக்கானல், தாக்குதலுக்கு டிரம்ப் பொறுப்புதான் என்று அதே நாளில் பேசினார். பதவியிலிருந்து போனவரை விசாரிக்க நீதிமன்றங்கள் இருக்கின்றன என்பது அவர் வாதம்.

நீதிமன்றம் வேறு திசையில் போனது. அதிபரின் மையமான அரசியலமைப்பு அதிகாரங்களுக்குக் குற்றவழக்கிலிருந்து முழு விலக்கும், பிற அலுவல் செயல்களுக்குக் குறைந்தபட்சம் முதல்நிலை விலக்கும் உண்டு என்று 2024 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 எனத் தீர்ப்பளித்தது. அந்த ஆறு பேரில் மூவர் டிரம்ப் நியமித்தவர்கள். நிக்சன் பெற்ற மன்னிப்பைச் சுட்டிக்காட்டி மாறுபட்ட தீர்ப்பு எழுதினார் நீதிபதி சோனியா சோட்டோமேயர். நியூயார்க் மாநில நீதிமன்றத்தில் மட்டும் ஒரு வழக்கு முடிவுக்கு வந்தது: வணிகப் பதிவுகளைப் பொய்யாக்கியதாக 34 குற்றச்சாட்டுகளில் 2024 மே மாதம் நடுவர் குழு டிரம்பைக் குற்றவாளி என்றது. நவம்பர் தேர்தலில் அவர் வென்றார். 2025 ஜனவரி 10 அன்று சிறையோ அபராதமோ இல்லாமல் அந்த வழக்கு முடித்துவைக்கப்பட்டது.

பதவியில் இருக்கும் அதிபர் மீது குற்றவழக்கு நடத்தக் கூடாது என்பது 1973-இல் நிக்சன் காலத்து நீதித்துறை அமைச்சகம் எழுதிய கருத்து. அதைக் காட்டியே சிறப்பு வழக்கறிஞர் ஜாக் ஸ்மித், தேர்தல் முடிவைப் புரட்ட முயன்றதாகத் தொடர்ந்த வழக்கை 2024 நவம்பர் 25 அன்று திரும்பப் பெற்றார். அலுவல் செயல் எது, சொந்தச் செயல் எது என்று அந்த வழக்கில் பிரித்துக் காட்டும் பொறுப்பை அந்த ஜூலைத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத்திடம் விட்டிருந்தது; அந்தப் பிரிவினை நடக்கவே இல்லை.