உடல் நாகூரில், கொடி கல்முனையில்

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில வருசா வருசம் கொடியேத்தம் நடக்கும். பன்னிரண்டு நாள் மௌலூது, கடைசியில கந்தூரி. எல்லாம் நாகூர் ஆண்டகை ஷாஹுல் ஹமீத் வலியுல்லாஹ்வின் பேரில. ஆனா அவர் அங்க அடக்கப்படல்ல. வட இந்தியாவின் மாணிக்கப்பூரில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் நாகூரில் வந்து தங்கி, அங்கேயே மறைந்தவர். அப்ப கல்முனையில யாருக்குச் சியாரம்?

பதில் கடலில் இருக்கிறது. ஓட்டை விழுந்து மூழ்கப்போன கப்பலை, கையிலிருந்த கண்ணாடியை எறிந்து அடைத்தார் என்பது ஆண்டகையைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை. கடலோடிகளுக்கு இப்படி ஒரு வலி தேவைப்பட்டார். சோழமண்டலக் கரையிலிருந்து வியாபாரத்துக்குப் போன முஸ்லிம்கள் போன இடமெல்லாம் அவருக்கு ஒரு கட்டிடம் எழுப்பினார்கள். பினாங்கில் ஒன்று. சிங்கப்பூரில், அன்று கரையோரமாக இருந்த தெலோக் ஆயர் வீதியில் 1828க்கும் 1830க்கும் இடையில் இன்னொன்று.

வழமையாக ஒரு தர்காவின் மையம் கப்ருதான். பரக்கத் அங்கிருந்து வருகிறது என்பதே நம்பிக்கை. புலம்பெயர்ந்தவர்களால் கப்ரைக் கொண்டுபோக முடியாது. கொண்டுபோகக் கூடியதைக் கொண்டுபோனார்கள்: பேர், கொடி, மௌலூது, நேர்ச்சை, பிறைக் கணக்கு. வெறும் கட்டிடத்தைச் சியாரமாக்கியது இவைதான்.

ஆனா எல்லா இடத்திலும் ஒரே முடிவு இல்லை. சிங்கப்பூர் தர்கா 1974இல் தேசிய நினைவுச் சின்னமானது. 2011இல் இந்திய முஸ்லிம் மரபுரிமை நிலையமாகத் திறக்கப்பட்டது. கட்டிடம் காப்பாற்றப்பட்டது, ஆனா இப்ப அது முதலில் ஒரு காட்சிக்கூடம். கல்முனையில் சுற்றிவர ஊர் இருந்தது. அதனால் கொடி இன்னும் ஏறுது.

இதெல்லாம் பித்அத் என்று சொல்பவர்கள் நம்ம வயதிலேயே நிறையப் பேர். வீட்டுக்குள்ளேயே இந்த வாக்குவாதம் நடக்குது. மார்க்கத் தீர்ப்புச் சொல்ல எனக்கு அறிவு போதாது. ஆனா அது வேற கேள்வி, வரலாறு வேற கேள்வி. கொடியேத்தத்தை வேண்டாம் என்று விடுகிறவர்களும், அதுக்குள்ள நம்ம கரையை நாகூரோடும் பினாங்கோடும் இணைத்த ஒரு கடல்வழி இருக்கு என்பதைத் தெரிந்துகொண்டு விடலாமே.

இந்த வரலாற்றில் பெரும்பகுதி எழுதப்படவேயில்லை. உங்கட உம்மம்மா நாகூராருக்கு எதுக்கு நேர்ச்சை வச்சாங்க, யாரோட போனாங்க, என்ன கொண்டு போனாங்க என்று கேட்டு எழுதி வையுங்க. கேக்க ஆள் இருக்கிறப்பவே.