கோட்டைகளைத் தேடிய துவிச்சக்கர வண்டி

மத்திய கால ஐரோப்பாவில் ஆறே அரசபாட்டையாக இருந்தது. சேற்றிலே சக்கரம் புதையும் பாதைகளை நம்பி வண்டியேற்றுவதிலும், உப்பையும் தானியத்தையும் திராட்சை மதுவையும் படகிலேற்றி நீர்வழியே அனுப்புவது எளிதாயிருந்தது. பொருள் செல்லும் வழியிலே வரி கேட்பவன் தோன்றுவான். படை செல்லும் வழியிலே அதனைத் தடுப்பவன் தோன்றுவான். ஆதலின் பிரான்சு நாட்டிலே சேன், லுவார், றோன் முதலிய நதிகளின் கரைகளில் உயர்ந்த பாறை கண்ட இடங்களில் கோட்டைகள் எழுந்தன. இக்கோட்டைகளின் சுவரளவையும் கோபுரங்களின் எண்ணிக்கையையும் நூல்களிற் படித்து அறியலாம். அவை ஏன் அந்தந்தப் பாறையில் நிற்கின்றன என்பதை அறிய வேண்டுமாயின், ஆற்றோரமாக வந்து, பாறையை அண்ணாந்து பார்த்து, அதன்மேல் ஏறுதலும் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் இளைஞர் இதனைத் துவிச்சக்கர வண்டியிற் சென்று செய்தார்.

அவர் பெயர் தோமஸ் எட்வேட் லோறன்ஸ். முதலாம் உலக யுத்தத்திலே அராபியரோடு சேர்ந்து துருக்கியரை எதிர்த்தமையால், அரேபியாவின் லோறன்ஸ் என்று பிற்காலத்தில் உலகம் அவரை அறிந்தது. ஒட்டகத்தின்மேல் அமர்ந்த அந்த உருவம் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டபடியால், அதற்கு முன் அவர் துவிச்சக்கர வண்டியின்மேல் அமர்ந்திருந்த காலம் பெரும்பாலும் மறக்கப்பட்டது. அவர் 1888ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டிலே பிறந்தார். டன்லப் என்பார் காற்றடைத்த றப்பர் வளையத்துக்குக் காப்புரிமை பெற்றதும் அதே ஆண்டிலேயாம். அவ்வளையம் வருமுன் துவிச்சக்கர வண்டியில் நெடுந்தூரம் செல்வது எலும்பை உலுக்கும் வேலை. வந்த பின்னரோ குதிரை வைத்துக்கொள்ள வசதியற்ற மாணவனும் ஒரே நாளில் ஐம்பது அறுபது மைல் செல்லக் கூடியவனானான். லோறன்சின் தந்தையார் துவிச்சக்கர வண்டியிலும் புகைப்படக் கலையிலும் ஈடுபாடுடையவர். அவ்விரண்டையும் மகன் அவரிடமே கற்றார். ஒக்ஸ்போட் நகரிற் பள்ளி மாணவராயிருந்த பொழுதே சுற்றுப்புறக் கிராமங்களின் தேவாலயங்களுக்குச் சென்று, கல்லறைகளிற் பதித்த பித்தளை உருவங்களைத் தாளிலே ஒற்றி எடுத்து வருவது அவர் வழக்கம்.

1907ஆம் ஆண்டில் அவர் ஒக்ஸ்போட் சர்வகலாசாலையிலே ஜீசஸ் கல்லூரியிற் சரித்திரம் பயிலச் சேர்ந்தார். இறுதிப் பரீட்சையின் வினாத்தாள்களோடு, விரும்பும் மாணவர் ஓர் ஆய்வுக்கட்டுரையும் சமர்ப்பிக்கலாம் என்ற விதி அங்கே இருந்தது. அதற்கு அவர் தேர்ந்த வினா சிறியதன்று. 1095ஆம் ஆண்டிலே போப்பாண்டவரின் அழைப்போடு தொடங்கிய சிலுவை யுத்தங்கள் மேனாட்டாரைச் சிரியாவுக்கும் பாலஸ்தீனத்துக்கும் கொண்டுசென்றன. அவர்கள் கற்கோட்டை கட்டும் கலையைக் கீழ்த்திசையிலே கற்றுக்கொண்டு தாய்நாடு திரும்பினரா, அன்றித் தாய்நாட்டுக் கலையையே கீழ்த்திசைக்குக் கொண்டுபோயினரா? முதலாவது விடையே அக்காலத்தில் ஆட்சி பெற்றிருந்தது. அதே சர்வகலாசாலையின் பேராசிரியர் சாள்ஸ் ஓமன், 1898இல் வெளிவந்த போர்க்கலை வரலாற்று நூலிலே, பைசாந்தியரின் அரண்களே மேனாட்டாருக்கு ஆசானாயின என்ற கருத்தை வற்புறுத்தியிருந்தார். கொன்ஸ்தாந்திநோப்பிளின் அடுக்கு மதில்களைக் கண்ட சிலுவை வீரர் வியப்படைந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. வியந்தவர் கற்றனரா என்பதே பிரச்சினை.

பிரான்சு நாட்டுக் கோட்டைகளோடு லோறன்சுக்கு முன்பே பழக்கம் ஏற்பட்டிருந்தது. 1906இல் பள்ளித் தோழர் ஒருவரோடு பிரித்தனிப் பகுதியைச் சுற்றினார். அடுத்த ஆண்டு வேல்ஸ் நாட்டுக் கோட்டைகளையும், கோடை விடுமுறையில் வட பிரான்சையும் பார்த்தார். அவ்வாண்டு கண்டவற்றுள் அவர் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது சேன் நதிக்கரையிலுள்ள கையார்க் கோட்டை.

அந்த இடத்திலே நதி பெரிய வளைவாகத் திரும்புகின்றது. வளைவின் மேல் ஏறத்தாழ 300 அடி உயரத்தில் வெண்சுண்ணப் பாறை நிற்கின்றது. பாரிசிலிருந்து நோர்மண்டியின் தலைநகரான றுவானுக்கு நீர்வழியே வருபவர் அதனைக் கடந்தே வரவேண்டும். சிலுவை யுத்தத்திலிருந்து திரும்பும் வழியிற் சிறைப்பட்டு மீண்ட இங்கிலாந்து மன்னன் முதலாம் றிச்சட், பிரெஞ்சு மன்னன் பிலிப்பிடமிருந்து நோர்மண்டியைக் காக்க, 1196 முதல் 1198 வரையுள்ள குறுகிய காலத்தில் இக்கோட்டையைக் கட்டி முடித்தான். நிலம் றுவான் அதிமேற்றிராணியாருக்கு உரியது. அவர் சினந்து நோர்மண்டி முழுவதிலும் தேவாலய வழிபாடுகளைத் தடைசெய்தார். மன்னன் வேலையை நிறுத்தவில்லை. பின்னர் வேறு ஊர்களைக் கொடுத்து அவரைச் சமாதானப்படுத்தினான். செலவு ஏறத்தாழ 12,000 பவுண். தன் ஆட்சிக்காலத்தில் இங்கிலாந்தின் கோட்டைகள் அனைத்திற்கும் அவன் செலவிட்டதிலும் இது மிகுதி.

பாறையின் கழுத்துப் பக்கத்திலே முக்கோண வடிவான முன்னரண், அதன் பின் அகழி, அப்பால் நடு மதில், அதற்குள் உள்மதில். இவ்வுள்மதில் சிப்பியின் விளிம்புபோல் வளைவு வளைவாக அமைந்துள்ளது. கல்லெறி பொறியின் குண்டு நேராகத் தாக்குவதற்குத் தட்டையான முகம் அரிது. சுவரின் அடியிலே மறைந்து நிற்பதற்கும் மூலை அரிது. கட்டியவனின் கூரிய அறிவு ஒவ்வொரு கல்லிலும் தெரிகின்றது என்பது லோறன்சின் கருத்து. றிச்சட் மன்னனை வெறும் வாள்வீரன் என்று எண்ணுவோர் இக்கோட்டையைப் பார்க்கவேண்டும் என்ற எண்ணத்தோடு அவர் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்.

ஆயினும் கோட்டை நிலைக்கவில்லை. 1203ஆம் ஆண்டு புரட்டாதியில் பிலிப்பு மன்னன் முற்றுகையிட்டான். ஆற்றோரப் பட்டினத்திலிருந்து அடைக்கலம் புகுந்த முதியோர், பெண்டிர், குழந்தைகள் ஆகியோரை, உணவைச் சேமிக்கும் பொருட்டுக் கோட்டைத் தலைவன் வெளியேற்றினான். பிரெஞ்சுப் படை முதலில் வந்தோரைப் போகவிட்டது. பின்னர் வழியை மறித்தது. கோட்டைக் கதவும் மூடப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் இரு படைகளுக்கும் இடையிலே, மாரிக் குளிரில், மலைச்சரிவிற் பசியோடு கிடந்தனர், பலர் மடிந்தனர். கோட்டைக் கலையைப் பேசுவோர் சுவரின் வளைவை வியந்து இச்சரிவை மறந்துவிடுவதுண்டு. 1204 மார்ச் மாதம் 6ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. நோர்மண்டியும் அவ்வாண்டே இங்கிலாந்து மன்னரின் கையை விட்டுப் போயிற்று.

லோறன்சின் பெரும் பிரயாணம் 1908ஆம் ஆண்டுக் கோடையிலே நிகழ்ந்தது. இம்முறை துணை எவருமில்லை. வடகரைத் துறைமுகத்தில் இறங்கித் தெற்கே மத்தியதரைக் கடல் வரை சென்று, வேறு வழியாக வடக்கே திரும்பினார். மொத்தத் தூரம் ஏறத்தாழ 2,400 மைல். பாலும் ரொட்டியும் பழமுமே பெரும்பாலும் உணவு. வண்டியிலே மாற்று உடையும் புகைப்படக் கருவியும் அளவு குறிக்கும் தாள்களும் சென்றன. நாட்டின் நடுவிலுள்ள மலைகளைக் கடந்தபோது, லெபுய் நகருக்கு அப்பால் கடும் வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டே பல மைல் ஏறவேண்டியிருந்தது. மலைமேற் பாரத்தை உருட்டிக்கொண்டே இருக்குமாறு சபிக்கப்பட்டவன், நீரும் கனியும் அருகிருந்தும் எட்டாதவன், இருந்த இருக்கையை விட்டு எழ முடியாதவன் ஆகிய கிரேக்க புராணத் துன்பத்தோர் மூவரும் தாம் ஒருவரே என்று தாயாருக்கு வேடிக்கையாக எழுதினார். கணவாயைக் கடந்தபின் சரிவிலே வண்டி தானாக ஓடி, றோன் பள்ளத்தாக்கிற் கொண்டுவந்து சேர்த்தது. அங்கே வலன்சு நகருக்கு எதிரிற் செங்குத்தான பாறைமீது குறுசோல் கோட்டையின் இடிபாடு நின்றது.

பின்னர் அவர் ஏக்மோர்த் சேர்ந்தார். ஒன்பதாம் லூயி மன்னன் 1248இலும் 1270இலும் சிலுவை யுத்தத்திற்குக் கப்பலேறிய துறை அது. கடல் இன்று அவ்வூரை அடுத்தில்லை. வெறும் சதுப்பு நிலத்தின் நடுவே மதில் மட்டும் சதுரமாக நிற்கின்றது. அதன்பின் கார்க்கசோன். றோமர் காலத்துச் சுவரும், அதன்மேல் பிற்காலத்தார் கட்டியதும், வெளியே பதின்மூன்றாம் நூற்றாண்டு மதிலுமாக அங்கே ஆயிரம் ஆண்டுக் கட்டடக் கலை ஒரே குன்றின்மேல் அடுக்கப்பட்டுள்ளது; 1853 முதல் வியோலே லெ டுயூக் செய்வித்த புதுப்பிப்பை விலக்கிப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அது திறந்த புத்தகம். வடக்கே திரும்பும் வழியில் சாலுஸ் என்ற சிற்றூர். கையார்க் கோட்டையைக் கட்டிய றிச்சட், பெயர் பெறாத இச்சிறு கோட்டையின்முன் அம்புபட்டு, 1199 ஏப்பிரல் 6ஆம் நாள் இறந்தான்.

நூல் நிலையத்தில் ஒவ்வொரு கோட்டையும் தனித்தனிப் படமாகக் கிடக்கும். துவிச்சக்கர வண்டியிற் செல்பவனோ ஒரு கோட்டையின் சுவர் கண்ணிலிருந்து மறையுமுன் மற்றொன்றைக் காண்கிறான். பழைய சதுரக் கோபுரம், மூலை நீங்கிய வட்டக் கோபுரம், கோபுரத்தைச் சூழ்ந்து வளர்ந்த மதில் ஆகியவற்றை லோறன்ஸ் சில வார இடைவெளியிற் கண்டார்; ஒன்றிலிருந்து ஒன்று பிரான்சு மண்ணிலேயே பிறந்தது என்று தெளிந்தார். இத்தெளிவு பயனுள்ளதாயினும் ஆபத்தும் உடையது. கீழ்த்திசையைக் காணுமுன்னரே அவருடைய விடை பாதி எழுதப்பட்டுவிட்டது.

1909ஆம் ஆண்டு அவர் சிரியா சென்றார். அரேபியாவை அறிந்த முதுபெரும் பிரயாணி டவுட்டி, கோடையில் அங்கே நடப்பது தகாது என்று எச்சரித்தும் கேட்கவில்லை. இம்முறை வண்டியில்லை; கால்நடையாக ஏறத்தாழ 1,100 மைல் நடந்து 36 கோட்டைகளைக் கண்டார். காய்ச்சலில் வருந்தினார், வழியிற் கள்வரால் அடிபட்டுப் பொருளும் இழந்தார். ஹொஸ்பிற்றலர் என்ற துறவி வீரர் 1271 வரை ஆண்ட கிறாக் கோட்டையில் மூன்று நாள் தங்கி, உலகிலே மிகச் சிறந்த கோட்டை அதுவே என முடிவுசெய்தார். சகியூன் கோட்டையிலே பைசாந்தியர் மதிலின் பக்கத்தில் சிலுவை வீரர் எழுப்பிய சதுரக் கோபுரம், நோர்மண்டியிற் கண்ட பழைய கோபுரங்களின் உடன்பிறப்பாகவே அவருக்குத் தோன்றிற்று.

1910இல் கட்டுரை சமர்ப்பிக்கப்பட்டது. அவர் முதல் வகுப்பில் தேறினார். மேனாட்டார் கீழ்த்திசையிற் கற்றது மிகச் சிறிது. புனித நாட்டிற் கண்ட எந்தக் கோட்டையிலிருந்தும் றிச்சட் மன்னன் யாதொன்றும் இரவல் பெற்றதற்குச் சான்றில்லை என்பது அதன் சாரம். தெம்பிளர் என்ற மற்றைய துறவி வீரர் பைசாந்திய முறையைத் தழுவியதை அவரும் ஒப்புக்கொண்டார்; எனினும் அதனைப் பெரிதாக மதிக்கவில்லை. தம் சர்வகலாசாலைப் பேராசிரியரையே இவ்வாறு மறுத்துரைத்தது துணிவான செயல்.

இன்றைய அறிஞர் இருவரையும் முழுமையாக ஏற்பதில்லை. சிலுவை வீரர் தம் நாட்டுக் கொத்தரோடும் தம் நாட்டுப் பழக்கத்தோடும் சென்றனர் என்றதில் லோறன்சின் கண் தவறவில்லை. ஆனால் அவர் கண்ணுக்கு எட்டாதனவும் இருந்தன. யோர்தான் பள்ளத்தாக்கை நோக்கி நிற்கும் பெல்வுவார்க் கோட்டையை 1168இல் ஹொஸ்பிற்றலர் வாங்கினர். 1189இல் சலாகுத்தீன் அதனைக் கைப்பற்றினான். அதன் இடிபாட்டின்மேல் நெடுங்காலம் ஓர் அராபியக் கிராமம் இருந்தது. 1966 முதல் 1968 வரை நிகழ்ந்த அகழ்வாய்விற்றான் ஒரு சதுரக் கோட்டைக்குள் மற்றொரு சதுரக் கோட்டையாக அமைந்த அதன் முழு வடிவமும் தெளிவாயிற்று. மேனாட்டிலே இவ்வமைப்பு சிறப்பெய்தியது ஒரு நூற்றாண்டு பிந்தியே. கோட்டைக் கலை இரு திசையிலும் பயணம் செய்திருக்கின்றது என்று கொள்வதே இப்பொழுது பொருத்தமாயுள்ளது.

லோறன்ஸ் சுற்றிய காலத்திற் பிரான்சின் மிகப் பெரிய வட்டக் கோபுரம் கூசியிலே நிமிர்ந்து நின்றது; 1917இல் பின்வாங்கிய ஜெர்மன் படை அதனை வெடி வைத்துத் தகர்த்தது. 1935 மே மாதத்தில் லோறன்ஸ் மோட்டார் சைக்கிளில் விரைந்து வந்தபொழுது, எதிர்ப்பட்ட இரு சிறுவர்களைத் தவிர்க்க முயன்று வீழ்ந்து, சில நாளில் இறந்தார். அச்சிறுவர் இருவரும் துவிச்சக்கர வண்டியிற் சென்றுகொண்டிருந்தனர். கட்டுரை அடுத்த ஆண்டு இரண்டு பாகங்களாக அச்சேறிற்று. அவர் கையால் வரைந்த படங்களும், எடுத்த புகைப்படங்களும், பிற்காலத்திற் கட்டுரையின் ஓரங்களிலே அவர் பென்சிலால் எழுதிவைத்த குறிப்புகளும் அதில் இடம்பெற்றுள்ளன.