கடல் கடந்த பசியாறல்

முன்னுரை

புதிய ஊருக்குச் செல்பவர் முதலில் வினவுவது வழியை. அடுத்து வினவுவது உணவை. இவ்விரு வினாக்களுக்கும் ஒருங்கே விடை கூறுவதற்கென ஓர் இலக்கிய வகையையே படைத்துக்கொண்ட மொழி தமிழ். பரிசில் பெற்று மீளும் கலைஞன், பெறாத கலைஞனுக்கு வள்ளலின் ஊரைக் காட்டுவது ஆற்றுப்படை என்பது இலக்கணம். ஆயின், வழிநெடுக எவ்வூரில் எவர் மனையில் எவ்வுணவு கிடைக்கும் என நிரல்படக் கூறும் பகுதிகளே அந்நூல்களுள் மிக உயிர்ப்புடையவை. இன்று மலேசிய நகரங்களில் வந்திறங்கும் தமிழர், நல்ல தோசையும் நல்ல மீயும் எத்தெருவில் கிடைக்கும் என்று ஒருவரை ஒருவர் வினவிக்கொள்வதும் அம்மரபின் தொடர்ச்சியே. அந்நகரங்களின் காலை உணவுக் கடைகள் எவ்வாறு உருவாயின, அவற்றில் தமிழர் பங்கு யாது, நல்ல கடைக்கு நம் மரபு வகுத்த இலக்கணம் யாது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

ஆற்றுப்படை காட்டும் உணவு

பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். அவற்றுள் சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் பாணனுக்கு ஊர்தோறும் காத்திருக்கும் உணவைக் கூறுகின்றது. எயிற்பட்டினத்துப் பரதவர் சுட்ட மீன் தருவர். வேலூர் எயிற்றியர் புளிச்சோற்றை ஆமான் சூட்டிறைச்சியோடு தருவர். ஆமூர் உழவர் மனையில் வெண்சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கும். கடலும் காடும் வயலும் தத்தம் விளைபொருளால் விருந்து செய்கின்றன. ஊரை அறிய வேண்டுவோர் அவ்வூரின் அடுப்பை அறிதல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

கல்வராயன் மலையடிவாரத்தில் வாழ்வோர்க்கு இவ்வகையில் மிக அணுக்கமான நூல் மலைபடுகடாம். அதன் தலைவன் நன்னனின் செங்கண்மா, தென்பெண்ணைக்கு அப்பால் உள்ள இன்றைய செங்கம். 583 அடிகளால் இயன்ற அந்நூலில், மலைவழி செல்லும் கூத்தர்க்குத் தினைச்சோறும் நெய்யில் வெந்த இறைச்சியும் கிடைக்கும் எனக் கூறப்படுகின்றது. மூங்கிலரிசியும் அவரையும் புளியும் சேர்ந்த உணவும் அங்கே பேசப்படுகின்றது. தினையும் சாமையும் அவரையும் விளையும் நம் மலைகளை அறிந்தார்க்கு இது பழங்கதையாகத் தோன்றாது.

அந்நூல் உணவைச் சொல்லுமுன் சொல்லும் ஒரு செய்தி பெரிதும் கருதத்தக்கது. மலைவாணர் சிற்றூரை அடைந்தவுடன், அம்மனைகளுக்கு உரியவர் போலவே கேளாமல் உள்ளே புகுக என்று கூத்தர்க்கு அறிவுறுத்தப்படுகின்றது. நல்ல உணவிடத்துக்கு நம் முன்னோர் வகுத்த முதல் இலக்கணம் இதுவே எனலாம். சுவை அதற்கு அடுத்தது.

கூவியரும் காழியரும்

மனையில் இடப்படும் விருந்து ஒருபுறமிருக்க, விலைக்கு உணவு விற்போரும் பழந்தமிழ் நகரங்களில் இருந்தனர். மதுரைக்காஞ்சி காட்டும் மதுரையில், தேனிறால் போன்ற மெல்லிய அடையும் மோதகமும் விற்ற கூவியர், இரவு முதிரத் தம் கடையிலேயே அமர்ந்தபடி உறங்குகின்றனர். சிலப்பதிகாரம் காட்டும் புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் பிட்டு விற்கும் காழியரும் அப்பம் விற்கும் கூவியரும் வாழ்கின்றனர். துறைமுகம் இருக்குமிடத்தில் வீடு நீங்கிய மாந்தர் திரளுவர்; அவர் திரளுமிடத்தில் அடுப்பு எரியும். இவ்விதி புகாருக்கும் பொருந்தும். பின்னாளில் பினாங்குக்கும் பொருந்தியது.

பெரும்பாணாற்றுப்படையில் ஓர் உவமை உண்டு. கூவியர் பாகோடு சேர்த்துச் சமைத்த, நூலிழை சூழ்ந்தாற் போன்ற வட்டமான அப்பம் பாலில் கிடப்பதை நீர்த்துறைக் காட்சி ஒன்றுக்குப் புலவர் ஒப்பிடுகின்றார். இழையிழையாக அமைந்து, வட்டமாகத் திரண்டு, பாலோடு உண்ணப்படும் பண்டம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது இடியாப்பமே. இரண்டும் ஒன்றே என முடிவு கூறுதல் இயலாது. எனினும், இழை வடிவப் பண்டத்தின்மீது தமிழர் நாவுக்கு இருந்த விருப்பம் மிகப் பழமையானது என்பதற்கு இவ்வுவமை சான்றாகும். சீனரின் மீயைப் பின்னாளில் தமிழர் அயற்பொருளாக ஒதுக்காமைக்கு இப்பழக்கமும் துணைசெய்திருக்கலாம்.

பசியாறல் என்னும் சொல்

தமிழ்நாட்டில் காலை உணவுக்கு இன்று பெருவழக்காக உள்ள சொல் டிபன். எழுத்து வழக்கில் சிற்றுண்டி. மலேசியத் தமிழரோ ‘பசியாறியாயிற்றா?’ என்றே வினவுகின்றனர். அங்கே பசியாறல் என்பது காலை உணவின் பெயர். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களின் முஸ்லிம்களிடையேயும் இவ்வழக்கு உண்டு. கடலோடிய வணிகரும் கப்பலேறிய தொழிலாளரும் இச்சொல்லைத் தம்முடன் கொண்டு சென்றனர் எனக் கருதுதல் தகும். டிபன் என்னும் சொல்லில் உண்ணும் பொருளே நிற்கின்றது. பசியாறல் என்னும் சொல்லில் உண்ணும் மனிதன் நிற்கின்றான்.

பசியைப் பிணியெனக் கண்ட காப்பியம் மணிமேகலை. அமுதசுரபியை ஏந்திய ஆபுத்திரன், தன் நாட்டில் இரப்போர் அற்றுப்போகவே, சாவக நாட்டில் மழையின்றி மக்கள் மடிகின்றனர் எனக் கேட்டுக் கப்பலேறுகின்றான். கப்பல் அவனை மணிபல்லவத் தீவில் விட்டுச் சென்றுவிடுகின்றது. தென்கிழக்காசிய மக்களின் பசியாற்றப் புறப்பட்டு வழியில் தனித்துவிடப்பட்ட தமிழன் ஒருவனை நம் காப்பியம் இவ்வாறு நமக்குக் காட்டுகின்றது. அவன் எண்ணியதைப் பெயரறியாத பலர் பிற்காலத்தில் நிறைவேற்றினர்.

கப்பலும் தோட்டமும்

கடாரத்துடன் தமிழர் தொடர்பு மிகப் பழையது. முதலாம் இராசேந்திரனின் கடற்படையெடுப்பு 1025ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. ஆயினும், இன்றைய உணவுக்கடைகளின் வரலாறு 1786இல் ஆங்கிலேயர் பினாங்குத் தீவில் துறைமுகம் அமைத்ததிலிருந்து தொடங்குகின்றது. சோழமண்டலக் கடற்கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகரும் கப்பல் தொழிலாளரும் அங்குக் குடியேறினர். அவர்கள் சூலியர் எனப்பட்டனர்; ஜார்ஜ் டவுனில் சூலியா தெரு இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அடுத்து வந்தோர் கரும்பு, காப்பி, ரப்பர்த் தோட்டங்களின் தொழிலாளர். தஞ்சை, திருச்சிராப்பள்ளி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களுடன் தென்னார்க்காடு மாவட்டமும் அவர்களை அனுப்பிய நிலமாகும். 2019ஆம் ஆண்டில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிப் பகுதி அந்நாளில் தென்னார்க்காட்டில் அடங்கியிருந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நின்றது; கங்காணி முறையால் ஆள் சேர்த்து அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடைசெய்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல்கள் ஓயாது சென்றன. 1926இல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பலின் பெயர் இருகரையிலும் முதியோர் பலரின் நினைவில் தங்கிவிட்டது.

இத்தொழிலாளர் தம்முடன் இட்டலியைக் கொண்டு சென்றனர் எனக் கருதுதல் பொருந்தாது. மலையடிவாரத்து உழைப்பாளிக்கு அந்நாளில் காலை உணவு கூழும் பழஞ்சோறுமே. இட்டலியும் தோசையும் திருநாட்களில் அரிதாகக் கிடைப்பன. தோட்டத்து வாழ்க்கை அவர்தம் காலைப் பொழுதையே மாற்றியது. வெயில் ஏறுமுன் பால்மரம் சீவினாலன்றிப் பால் நன்கு வடியாது. ஆதலின் இருள் பிரியுமுன் எழுந்து, பெயர் கொடுத்து, நிரைக்குச் செல்ல வேண்டியதாயிற்று. கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட கூலி வாழ்வு, தோட்டத்தை அடுத்த சிறு நகரங்களிலும் துறைமுகத்திலும் விடியற்காலை உணவுக் கடையை இன்றியமையாததாக்கிற்று. சம்பள நாளில் நகரத்துக்கு வந்து பலகையில் அமர்ந்து தோசை உண்பது தொழிலாளிக்கு ஒரு திருநாளாயிற்று.

தோளில் வந்த சோறு

மலாய் மொழியில் ‘கண்டார்’ என்பது தோளில் சுமை தாங்கும் தடி. நாம் காவடித் தண்டு என்போமே, அத்தகையது. தடியின் ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறுமுனையில் குழம்புப் பாத்திரங்கள். இவற்றைச் சுமந்து பினாங்குத் துறைமுகத் தொழிலாளர்க்கு விடியற்காலையில் சோறு விற்றவர் தமிழ் முஸ்லிம்கள். அவ்வுணவே நாசி கண்டார். இன்று அது குளிரூட்டிய கூடங்களில் பரிமாறப்படுகின்றது. பெயரில் மட்டும் அத்தோள்தடி நீங்காது நிற்கின்றது. அக்கடைகள் மாமாக் கடைகள் எனப்படுகின்றன. மாமா என்னும் தமிழ் உறவுப் பெயரே அவ்வாறாயிற்று என்பர்.

இடியாப்பம் அங்கே புட்டு மாயம் எனப் பெயர் பெற்றது. பிரம்புத் தட்டுகளில் ஆவியில் வெந்து, தேங்காய்த் துருவலோடும் பழுப்புச் சர்க்கரையோடும் உண்ணப்படும் அதனை, முன்னாளில் தலைச்சுமையாகவும் பின்னாளில் மிதிவண்டியிலும் கொண்டு சென்று விற்றனர். அப்பம் ‘அப்போம்’ ஆயிற்று; கறி ‘காரி’ ஆயிற்று; கடை என்னும் சொல்லே ‘கெடாய்’ என மலாய் மொழியில் நிலைபெற்றது. மலாயாவுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளருள் பெரும்பாலோர் தம் வரலாற்றைத் தாமே எழுதி வைத்திலர். அவர்தம் வாயில் பயின்ற சொற்கள் பிறமொழியினர் வாயிலும் நாள்தோறும் காலையில் ஒலிக்கின்றன. கல்வெட்டுக்கு நிகரான சான்று இதுவென்று சொல்லாராய்ச்சியாளர் கொள்வர்.

மீயும் மிளகாயும்

கொடுத்தல் மட்டும் நிகழ்ந்திலது, கொள்ளலும் நிகழ்ந்தது. கோதுமை மாவால் இழைத்த மீ, தென்சீனத்துப் புக்கியன் மாநில மக்கள் கொணர்ந்தது. அதனைத் தமிழ் முஸ்லிம் கடைக்காரர் மிளகாய் விழுது, உருளைக்கிழங்கு, சோயாக் கட்டி, முட்டை ஆகியவற்றுடன் இரும்புச் சட்டியில் வறுத்து மீ கோரெங் எனத் தந்தனர். சருக்கரைவள்ளிக் கிழங்கால் கெட்டியாக்கிய குழம்பை ஊற்றி மீ ரெபூஸ் ஆக்கினர். சீனரோ, தமிழர் கறித்தூளையும் தேங்காய்ப்பாலையும் தம் மீயுடன் சேர்த்துக் கறி மீ படைத்தனர். எவர் எவரிடம் கற்றனர் எனப் பிரித்தல் அரிதாகும் அளவுக்கு இக்கலப்பு நிறைவுற்றது.

நம்முடையது என்று நாம் உறுதியாகக் கொள்ளும் இட்டலியின் வரலாறும் இத்தகையதே. 920ஆம் ஆண்டளவில் எழுந்த வட்டாராதனை என்னும் கன்னட நூலில் இட்டலிகை குறிக்கப்படுகின்றது. மாவைப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைக்கும் முறை இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்திருக்கலாம் என்பது உணவு வரலாற்றறிஞர் கே.டி. அச்சயாவின் கருத்து. அது முடிந்த முடிபன்று. எனினும் கடல்வழி இருதிசையும் திறந்தே கிடந்தது என்பதை அது நினைவூட்டுகின்றது.

நல்ல கடையின் அடையாளங்கள்

மலேசிய நகரங்களில் நல்ல காலை உணவை நாடுவோர்க்கு அங்குள்ளோர் கூறும் வழிகள் சில. பெயர்ப்பலகையை நோக்காது சந்தையை நோக்குதல் முதலாவது. காய்கறி இறங்குமிடத்தில் உழைப்போர் உண்ணும் கடை பொய்க்காது. பல பண்டம் விற்பதைவிட ஒன்றையே பல்லாண்டு விற்கும் கடையை நாடுதல் இரண்டாவது. கோப்பித்தியாம் எனப்படும் சீனக் காப்பிக்கடைகளில் உரிமையாளர் பருகுவனவற்றை மட்டும் விற்க, ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொருவர் ஒரே வகை மீயைச் சமைப்பர். அத்தனிக்கவனமே சுவையின் காரணம். பத்து மணிக்குள் சட்டியைக் கவிழ்த்துவிடும் கடையை மதித்தல் மூன்றாவது. ஈப்போவில் அரிசி மாவால் செய்த அகன்ற இழையையும், பினாங்கில் புளி சேர்ந்த மீன்குழம்பில் இட்ட லக்சாவையும், கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்சிலும் கிள்ளான் நகரத் தமிழ்க் கடைத்தெருவிலும் தோசையையும் தேடுதல் தகும். ஊர்தோறும் உணவை வேறுபடுத்திக் காட்டிய சிறுபாணாற்றுப்படையின் நெறியே இங்கும் நிற்கின்றது.

ஒரே பலகை

கேளாமல் புகுக என்ற மலைபடுகடாத்தின் இலக்கணம் தாய்த்தமிழகத்து உணவுக்கடைகளில் நெடுங்காலம் வழங்கிலது என்பதையும் கூறியாக வேண்டும். சாதிக்கேற்ற தனியிடங்கள் உணவு விடுதிகளில் இருந்தன. உணவுக்கடைப் பெயரில் ‘பிராமணாள்’ என்னும் சொல் இடம்பெறுதலை எதிர்த்துப் பெரியார் தலைமையில் 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபே முன் மறியல் தொடங்கிற்று. பலர் சிறை சென்றனர். சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை அதன் பின்னரும் நீடித்தது. உணவு நன்றாக இருந்தும் கடை நல்லதாக இல்லாத காலம் அது.

கடல் கடந்த தோட்டங்களில் சாதி அழிந்துவிட்டது எனக் கூறல் இயலாது. குடியிருப்பு வரிசைகளிலும் திருமணங்களிலும் அது தொடர்ந்தது. சமயம் விதித்த உணவு விலக்குகளும் உள. பன்றிக் கொழுப்பில் சமைத்த மீயை முஸ்லிம்கள் உண்ணார், மாட்டிறைச்சியை இந்துக்கள் பலர் தவிர்ப்பர். ஆயினும், துறைமுகத்தில் தோள்தடியை இறக்கிவைத்துச் சோறிட்டவர் எவர் குலத்தையும் வினவியிலர். தென்னார்க்காட்டில் தேநீரைத் தனிக்குவளையில் வாங்க நேர்ந்தவரின் மகன், அங்கே மலாயர்க்கும் சீனர்க்கும் நடுவில் ஒரே பலகையில் அமர்ந்து, அனைவர்க்கும் பொதுவான குவளையில் ஆற்றிய தேநீரைப் பருக இயன்றது. கப்பற் பயணத்தின் துயரங்களுக்கிடையே அவன் பெற்ற சிறு ஊதியம் இது, சிறிதெனினும் எளிதன்று.

முடிவுரை

மலேசிய நாட்டின் பல்லினக் காலை உணவுப் பண்பாடு, நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் ஆகியவற்றை முன்னிறுத்தி 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அப்பெருமையில் தமிழர்க்கும் பங்குண்டு. வள்ளல்களின் பெயரை ஆற்றுப்படைகள் காத்தன. கூவியர் பெயரை எந்நூலும் காத்திலது. தோள்தடி சுமந்தோர் பெயரும் அவ்வாறே மறைந்தது. எஞ்சியவை புட்டு, அப்பம், கறி, கடை, பசியாறல் என்னும் சொற்களே.

சொற்களைக் காப்பது புலவர் கடன். மலையடிவாரத்தில் பத்தாண்டுகள் ஒரே பலகையில் அமர்ந்து கவிதை பேசிய வட்டத்தினர்க்கு அதனை விரித்துரைத்தல் வேண்டா. மிகு சுவை தரும் கடைகள் எந்நகரிலும் உள. எவரும் கேளாமல் புகுந்து, உரியவர் போல அமர்ந்து பசியாற இயலும் கடையே நல்ல கடை. அத்தகைய கடைக்கு வழிகாட்டும் புதிய ஆற்றுப்படை ஒன்று தமிழில் இன்னும் பாடப்பெற வேண்டியுள்ளது.