இறக்கத்தில் எக்சாஸ்ட் பிரேக் பிடிக்கவில்லையா? மின்கோளாறைக் கண்டறியும் முறை

ஈப்போ: கோலகங்சாரிலிருந்து வரும் கனரக லோரிகள் மெனோரா சுரங்கப்பாதையைக் கடந்து ஜெலாப்பாங் வரை நீண்ட இறக்கத்தில் இறங்குகின்றன. இறக்கம் முழுவதும் கால் பிரேக்கையே மிதித்து வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். அந்தச் சுமையைக் குறைப்பதே எக்சாஸ்ட் பிரேக்.

பழைய வகை லோரிகளில், 24 வோல்ட் மின்சாரம் ஃபியூஸ், கைவிசை, கிளட்ச் சுவிட்ச், எண்ணெய் மிதி சுவிட்ச் ஆகியவற்றைக் கடந்து சோலனாய்டு வால்வை அடைகிறது. வால்வு திறந்ததும், காற்றழுத்தம் புகைக்குழாயின் மடலை மூடுகிறது. இடையில் ஒன்று அறுந்தாலும் பிரேக் இயங்காது.

லோரியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பின்னரே சோதிக்க வேண்டும். முதலில் ஃபியூஸ். அது மீண்டும் மீண்டும் எரிந்தால் கம்பி எங்கோ உராய்ந்திருக்கும். பெரிய ஃபியூஸ் போடக்கூடாது. அடுத்து, விசையைப் போட்டு மிதிகளைத் தொடாமல், சோலனாய்டு முனையில் மீட்டர் வைக்க வேண்டும்.

மின்சாரம் வராவிட்டால், சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் சோதிக்கலாம். மின்சாரம் நிற்கும் இடமே கோளாறு. மின்சாரம் வந்தும் 'டக்' ஒலி இல்லையெனில் சுருளோ எர்த் கம்பியோ பழுது. ஒலி கேட்டும் மடல் அசையாவிட்டால், காற்றுக்குழாயையும் கரி அடைப்பையும் பார்க்க வேண்டும்.

கணினியால் இயங்கும் புதிய லோரிகளில் கோளாறுக் குறியீட்டை முதலில் படிப்பது நல்லது. பழுது நீங்கும்வரை பாரமேற்றி மலைச்சாலையில் செல்லாமல் இருப்பதே பாதுகாப்பு.