மூதாட்டியரின் நண்பகல்

கணவனை இழந்து, பெற்ற மக்களும் பிழைப்பை நாடி வேற்றூர் சென்றுவிட்டபின், விடியற்காலை முதல் விளக்கேற்றும் வேளை வரையில் பேச்சுத்துணை ஏதுமின்றி வாசலை நோக்கியே அமர்ந்திருக்கும் கிராமத்து மூதாட்டியின் பகற்பொழுது எத்துணை நீளமானது என்பதை அறிந்தவர் சிலரே. முன்னாளில் அப்பொழுதைக் கழிக்கத் திண்ணையும் கோயிற் பிராகாரமும் இருந்தன. பின்னர், 1962-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் வழங்கச் சென்னை ராஜ்ய சர்க்கார் முன்வந்தது, தொகை சொற்பமே.

ஆனால் சரித்திரம் சரியாகக் கவனியாத சம்பவம் ஒன்று பின்னால் நேர்ந்தது. 1982 ஜூலையில் குழந்தைகளுக்கென்று ஆரம்பிக்கப்பெற்ற சத்துணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஜனவரியில் உதவித்தொகை பெறும் முதியோருக்கும் விஸ்தரிக்கப்பட்டபோது, நண்பகலில் தட்டை ஏந்திப் பள்ளிக்கூடத்து வேப்பமர நிழலுக்கு வந்த பாட்டிமார்கள், சோற்றுடன் ஒருவரையொருவர் காணும் பாக்கியத்தையும் பெற்றார்கள். அங்கே சமைத்துப் பரிமாறும் வேலையில் கைம்பெண்களுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை அளிக்கப்பட்டதால், பரிமாறியவளும் உண்டவளும் ஒரே துக்கத்தை அறிந்தவர்களாக இருந்தது, என் அபிப்பிராயத்தில், அத்திட்டத்தின் தலையாய சிறப்பு. நகரங்களில் இன்று தோன்றும் பகல்நேரப் பராமரிப்பு மையங்களுக்கு இதைவிட உரிமையுள்ள பூர்வ ரூபம் நம்மிடம் வேறில்லை. அடுப்பும் கூடமும் ஊர்தோறும் இருக்கின்றன. உணவு முடிந்தபின் அக்கதவுகளை மாலை வரை மூதாட்டியருக்குத் திறந்துவைக்குமாறு நம் பஞ்சாயத்துகளை வேண்டிக்கொள்கிறேன்.