கர்ப்பிணியின் அரிப்பு

1974-ஆம் ஆண்டில் என் தமக்கையார் பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு வந்திருந்தார். எட்டாம் மாதத்தில் இரவுதோறும் உறக்கமின்றி எழுந்து, உள்ளங்கைகளையும் உள்ளங்கால்களையும் கயிற்றுக் கட்டிலின் விளிம்பில் தேய்த்துக்கொண்டிருப்பார். தோலிலே தடிப்பில்லை, கொப்புளமுமில்லை. பித்தமும் உடற்சூடும் என்று சொல்லி விளக்கெண்ணெய் தடவினோம். அந்த அரிப்பின் வரலாற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மருத்துவர்கள் முதலில் பெயரிட்டவை கண்ணுக்குத் தெரிந்த நோய்களே. 1872-இல் மில்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர், கொப்புளங்களோடு வரும் ஒரு வகைக்கு 'ஹெர்ப்பிஸ் ஜெஸ்டேஷனிஸ்' என்று பெயர் சூட்டினார். பொருந்தாத பெயர், ஹெர்ப்பிஸ் கிருமிக்கும் அதற்கும் யாதோர் உறவும் இல்லை. உடலின் எதிர்ப்புப் பொருள்களே தோலைத் தாக்குகின்றன என்பது ஒரு நூற்றாண்டு கழித்தே புலனாயிற்று. தலைச்சூலிகளின் வயிற்றுக் கோடுகளில் எழும் தடிப்போ தீங்கற்றது.

தடிப்பே இல்லாத அரிப்பின் கதை வேறு. 1883-இல் ஜெர்மானியரான ஆல்ஃபெல்டு, கர்ப்பந்தோறும் தோன்றிப் பேற்றுக்குப்பின் மறையும் மஞ்சட்காமாலையை எழுதிவைத்தார். 1954, 1955-ஆம் ஆண்டுகளில் ஸ்வீடனில் ஸ்வான்போர்கும் தோர்லிங்கும் அதனை விரித்துரைத்தனர். கல்லீரலிலிருந்து பித்தநீர் செவ்வனே இறங்காமையால், பித்த அமிலங்கள் குருதியில் தேங்குகின்றன. நம் பாட்டிமார் சொன்ன பித்தம் சித்த மருத்துவத்தின் பித்தம். ஆயினும் அச்சொல் ஏறக்குறைய இலக்கிலே விழுந்ததை எண்ணி நான் வியப்பதுண்டு. 1970-களில் சிலி நாட்டின் பூர்வகுடியினரான அரௌக்கானியப் பெண்களில் நால்வரில் ஒருத்திக்கு மேல் இந்நோய் கண்டிருந்தது. பின்னர் அந்நாட்டில் அது வெகுவாகக் குறைந்துவிட்டது.

அன்னைக்கு இது பெரும்பாலும் வேதனைதான், ஆபத்தெல்லாம் சிசுவுக்கே. குருதியில் பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலை எட்டினால், நூற்றில் மூன்றுக்கும் மேற்பட்ட சிசுக்கள் வயிற்றிலேயே இறக்கின்றன என்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அந்த அளவுக்குக் கீழே ஆபத்து மிகச் சிறிது. நெடுநாள் நம்பிக் கொடுத்துவந்த உர்சோடிஆக்ஸிகோலிக் அமிலம், அதே ஆண்டில் 605 பெண்களைக் கொண்டு முடிந்த சோதனையில் சிசுவின் இன்னல்களைக் குறைக்கவில்லை. ஆதலால் குருதிச் சோதனையும், தேவையாயின் நாள் முந்திய பேறுமே மருத்துவர் முக்கியமாக நம்புபவை.

எங்கள் வீட்டில் எவரும் குருதியைச் சோதிக்கவில்லை. நல்ல வேளையாகக் குழந்தை உயிரோடு பிறந்தது. சில நாட்களில் தமக்கையாரின் அரிப்பும் நின்றது. சூடு தணிந்தது என்றே அப்பொழுதும் பேசிக்கொண்டோம்.